எல்லை கடந்து வரும் சிறு பொதிகள்: சுங்கத் தீர்வையும் தரகுக் கட்டணமும்

இறக்குமதி என்னும் சொல் ஒரு காலத்தில் துறைமுகங்களையும், உரிமம் பெற்ற வணிக நிறுவனங்களையும், கோப்புகள் நிறைந்த அலுவலகங்களையும் மட்டுமே நினைவூட்டியது. 1991ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்கு முன்பு, அயல்நாட்டுப் பொருளொன்றைத் தாமே தருவித்துக்கொள்ள எண்ணிய தனிமனிதர் மிகச் சிலரே. இன்று நிலைமை முற்றிலும் வேறு. கைப்பேசியும் பன்னாட்டுப் பயன்பாட்டுக்கு இசைவு பெற்ற வங்கி அட்டையும் உடைய எவரும், வீட்டில் இருந்தபடியே ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ ஒரு பொருளை வாங்கிவிடலாம். அவ்வாறு வாங்கும் கணத்தில், சட்டத்தின் பார்வையில் அவர் ஓர் இறக்குமதியாளர் ஆகிவிடுகிறார். ஆனால் இதனை அவர் அறிவதில்லை. கடையில் பொருள் வாங்கும் நுகர்வோராகவே தம்மைக் கருதிக்கொள்கிறார். எல்லை கடந்த இணையவழிக் கொள்முதலில் எழும் மனக்கசப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

நாகபுரியில் பணிபுரியும் அறிவியல் ஆசிரியர் ஒருவர், பள்ளியின் தொலைநோக்கிக்காகத் தம் சொந்தப் பணத்தில் அயல்நாட்டிலிருந்து கண்ணருகு வில்லைகள் சிலவற்றை வாங்குகிறார் எனக் கொள்வோம். பொருளின் விலை நம் நாணயத்தில் 10,000 ரூபாய். அனுப்பும் செலவு 2,500 ரூபாய். பத்து நாட்கள் கழித்துக் கூரியர் நிறுவனத்திடமிருந்து அவருக்குச் செய்தி வருகிறது. ஏறத்தாழ 4,600 ரூபாய் செலுத்தினால்தான் பொதி ஒப்படைக்கப்படும் என்கிறது அச்செய்தி. இத்தொகை முழுவதும் அரசின் வரியா? அது சரியாகக் கணக்கிடப்பட்டதா? செலுத்த மறுத்தால் என்ன நேரும்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பது அவருக்கு எளிதன்று. எனினும் விடைகள் உள்ளன.

சட்டம் கூறுவது

இந்தியாவிற்குள் கொணரப்படும் பொருள்கள் மீது தீர்வை விதிக்கும் அதிகாரம் 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் அமைந்துள்ளது. 1878ஆம் ஆண்டின் கடற்சுங்கச் சட்டம் முதலிய பழைய சட்டங்களுக்கு மாற்றாக வந்த இச்சட்டம், 1963ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. விலை கொடுத்து வாங்கிய பொருள் சிறியது என்பதாலோ, சொந்தப் பயனுக்குரியது என்பதாலோ தீர்வையிலிருந்து பொதுவான விலக்கு எதனையும் இது அளிப்பதில்லை. சொந்தப் பயனுக்கு வாங்குவோருக்குக் கிடைக்கும் சலுகை வேறுவகையானது: வணிகர்களுக்குக் கட்டாயமான இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டெண் இவர்களுக்குத் தேவையில்லை. அடையாளச் சான்று ஒன்றைத் தந்தால் போதும். கூரியர் நிறுவனம் ஆதார், பாஸ்போர்ட் போன்றவற்றின் நகலைக் கேட்பது இதன் பொருட்டேயாகும்.

மற்றொரு வசதியும் உண்டு. சுங்கக் கட்டணப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி விகிதம் இருப்பினும், சொந்தப் பயனுக்காகத் தருவிக்கப்படுபவை 9804 என்னும் ஒரே தலைப்பின் கீழ் அடங்குகின்றன. மோட்டார் வாகனங்களும் மதுவகைகளும் இதற்குப் புறம்பானவை. மருந்துகளுக்குத் தனி உட்பிரிவு உண்டு. இதனால், வில்லை எந்தத் தலைப்பில் வரும், காலணி எந்தத் தலைப்பில் வரும் என்ற ஆராய்ச்சி தனிமனிதருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இத்தலைப்பின் கட்டண விகிதத்தை 20 சதவிகிதத்திலிருந்து 10 சதவிகிதமாகக் குறைப்பதென 2026ஆம் ஆண்டு பிப்ரவரியில் முன்வைக்கப்பட்ட மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது.

அன்பளிப்புகளின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. அயல்நாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் அன்பளிப்புகளுக்குக் குறிப்பிட்ட மதிப்புவரை பல்லாண்டுக் காலம் தீர்வை விலக்கு இருந்தது. இணையவழி விற்பனையாளர் சிலர் இதனைப் பயன்படுத்திக்கொண்டு, விற்ற பொருள்களின் மீதெல்லாம் ‘அன்பளிப்பு’ என்று எழுதி ஆயிரக்கணக்கில் அனுப்பலாயினர். 2019ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் ஓர் அறிவிக்கையின் வாயிலாக இவ்வழியை அடைத்தது. உயிர்காக்கும் மருந்துகளுக்கும் இராக்கி கயிற்றுக்கும் மட்டுமே விலக்கு எஞ்சியது. ஏனைய அன்பளிப்புகள் முழுத் தீர்வை செலுத்தியே வரவேண்டும். தவறு செய்தவர் விற்பனையாளர். அதன் விலையைக் கொடுப்பவரோ, பேரக் குழந்தைக்கு அத்தை அனுப்பிய சட்டைக்கும் தீர்வை செலுத்தும் குடும்பத்தார். முறைகேட்டைத் தடுக்க வேறு வழி இருந்ததா என்பது விவாதத்திற்குரியதே; ஆனால் விதி தெளிவானது. ஆகவே, ‘அன்பளிப்பு என்று எழுதி அனுப்புகிறோம்’ என்று விற்பனையாளர் கூறுவது வாங்குவோருக்கு எவ்வகையிலும் உதவாது.

தீர்வை எதன் மீது கணக்கிடப்படுகிறது?

பொருளின் விலை மீது மட்டுமே தீர்வை விதிக்கப்படுகிறது என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. 14ஆம் பிரிவும் 2007ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளும், பொருளின் விலையுடன் அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்து வருவதையே மதிப்பாகக் கொள்கின்றன. இங்கு வாங்குவோருக்குச் சாதகமான ஒரு வரம்பு உண்டு. வான்வழியில் வரும் பொருளுக்கு அனுப்பும் செலவு எவ்வளவாயினும், மதிப்பீட்டில் அது பொருள் விலையில் 20 சதவிகிதத்திற்கு மேல் கொள்ளப்படலாகாது. காப்பீட்டுச் செலவு தெரியாதபோது 1.125 சதவிகிதம் சேர்க்கப்படும். அயல்நாட்டு நாணயத்தை ரூபாயாக்கும்போது, வங்கி அட்டையில் கழிக்கப்பட்ட மாற்று விகிதம் பொருட்படுத்தப்படுவதில்லை. சுங்க வாரியம் மாதம் இருமுறை அறிவிக்கும் விகிதமே கணக்கில் கொள்ளப்படும். அட்டைக் கணக்கிலுள்ள தொகையும் சுங்கப் பத்திரத்திலுள்ள தொகையும் சற்றே வேறுபடுவது இதனால்தான்.

இனி ஆசிரியரின் வில்லைகளுக்கு வருவோம். விகிதங்கள் நிதிநிலை அறிக்கைதோறும் மாறக்கூடியவை. ஆதலால் கணக்கு விளங்கும் பொருட்டு, அடிப்படைத் தீர்வை 10 சதவிகிதம், அத்தீர்வையின் மீது சமூக நல மேல்வரி 10 சதவிகிதம், ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவிகிதம் என்று கொள்வோம். பொருள் விலை 10,000 ரூபாய். அனுப்பும் செலவு 2,500 ரூபாயாயினும் வரம்பின்படி 2,000 மட்டுமே சேரும். காப்பீட்டுக்கு 112.50. ஆக மதிப்பு 12,112.50 ரூபாய். இதன்மீது அடிப்படைத் தீர்வை 1,211 ரூபாய். மேல்வரி 121 ரூபாய். இம்மூன்றையும் கூட்டினால் ஏறத்தாழ 13,445 ரூபாய். ஒருங்கிணைந்த வரி இந்தக் கூட்டுத்தொகையின் மீதே விதிக்கப்படுகிறது. அது 2,420 ரூபாய். அரசுக்குச் சேரவேண்டியது மொத்தம் 3,752 ரூபாய்.

பத்தையும் பதினெட்டையும் கூட்டி 28 சதவிகிதம் என்று எண்ணியிருந்தவருக்கு இது வியப்பளிக்கும். பொருளின் விலையோடு ஒப்பிட்டால் வரி 37.5 சதவிகிதமாகிறது. வரியின் மீது வரி ஏறுவதும், அனுப்பும் செலவு மதிப்பில் சேர்வதும் இதற்குக் காரணம். பொருளை வாங்கும் முன் விலையுடன் 40 சதவிகிதத்தைக் கூட்டிப் பார்ப்பவர் பெரும்பாலும் ஏமாற்றமடையமாட்டார்.

ஆனால் கூரியர் நிறுவனம் கேட்டது 4,600 ரூபாயன்றோ? எஞ்சிய 850 ரூபாய் எங்கிருந்து வந்தது?

அஞ்சலும் கூரியரும்

அயல்நாட்டுப் பொதி இந்நாட்டிற்குள் நுழையும் வழிகள் இரண்டு. ஒன்று அஞ்சல்வழி. அனுப்பும் நாட்டின் அஞ்சல் துறையிடமிருந்து இந்திய அஞ்சல் துறை பொதியைப் பெற்று, மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை போன்ற நகரங்களிலுள்ள அயல்நாட்டு அஞ்சலகங்களில் சுங்க அதிகாரியின் முன் வைக்கிறது. பொதியின் மீது ஒட்டப்பட்டுள்ள சி.என்.22 அல்லது சி.என்.23 என்னும் அறிவிப்புப் படிவமே மதிப்பீட்டுக்கு அடிப்படை. அஞ்சல் துறை பொதிகளின் பட்டியலைச் சுங்க அதிகாரியிடம் அளிக்கும் நாளில் எந்த விகிதம் நடைமுறையில் உள்ளதோ அதுவே பொருந்தும் என்கிறது 83ஆம் பிரிவு. வாங்கிய நாளின் விகிதத்தைக் கோர இயலாது. தீர்வையைப் பொதியை ஒப்படைக்கும்போது அஞ்சல் ஊழியர் பெற்றுக்கொள்கிறார்.

இரண்டாவது கூரியர்வழி. இங்கு அனுமதி பெற்ற கூரியர் நிறுவனம், 2010ஆம் ஆண்டின் கூரியர் மின்னணு அறிவிப்பு ஒழுங்குமுறைகளின்படி, பெறுநரின் சார்பில் பில் ஆஃப் என்ட்ரி எனப்படும் இறக்குமதிப் பத்திரத்தைத் தாக்கல் செய்கிறது. தீர்வையைத் தன் கையிலிருந்து முன்கூட்டியே செலுத்திப் பொதியை விடுவிக்கிறது. பின்னர் அத்தொகையைப் பெறுநரிடம் வசூலிக்கிறது. இச்சேவைக்கு அது தனியே கட்டணம் பெறுகிறது. முன்பணக் கட்டணம், சுங்க அனுமதிக் கட்டணம், பத்திரக் கட்டணம், கிடங்கு வாடகை என இக்கட்டணங்களுக்குப் பெயர்கள் பல. பொதுவாக ‘செலுத்திய தீர்வையில் இவ்வளவு சதவிகிதம், அல்லது குறைந்தது இத்தனை ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது’ என்பதே இவற்றின் அமைப்பு. இக்கட்டணத்தின் மீதும் சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. ஆசிரியரிடம் கேட்கப்பட்ட எஞ்சிய தொகை இதுவே. அது அரசின் கருவூலத்திற்குச் செல்லும் தீர்வையன்று. தனியார் நிறுவனம் பெறும் கூலி. தீர்வையைக் குறித்த சினம் முழுவதும் சுங்கத் துறையின் மீதே பாய்வது வழக்கம். அதில் ஒரு பங்கு வேறு முகவரிக்குரியது என்பதைப் பலர் அறியார்.

சிறு தொகைக் கொள்முதலில்தான் இக்கட்டணத்தின் பளு தெரியவரும். 1,500 ரூபாய் விலையுள்ள ஓர் உதிரிப்பாகத்திற்கு, அனுப்பும் செலவை வரம்பளவாகவே கொண்டு மேற்கண்ட விகிதங்களில் கணக்கிட்டால், வரி 563 ரூபாய். கூரியர் நிறுவனத்தின் குறைந்தபட்சக் கட்டணம் 750 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதன் மீதான வரியுடன் 885 ரூபாய் ஆகிறது. வரியைவிடக் கூலி அதிகம்! இரண்டும் சேர்ந்து பொருளின் விலையை ஏறத்தாழ எட்டிவிடுகின்றன. பழைய தையல் எந்திரத்தையோ காது கேட்கும் கருவியையோ பழுதுபார்க்க ஒரு சிறு பாகம் தேவைப்படுவோருக்கு இது அற்பமான செய்தியன்று. அத்தகையோர், பொருள் சில வாரங்கள் தாமதமாக வந்தாலும் தாழ்வில்லை எனில், அஞ்சல்வழி அனுப்பும் விற்பனையாளரைத் தேர்வதே நன்று. இரண்டு மூன்று பொருள்களை ஒரே பொதியில் தருவிப்பதும் குறைந்தபட்சக் கட்டணத்தை ஒருமுறையோடு நிறுத்தும்.

பெரிய சரக்குகளின் பணியைச் செய்யும் சுங்கத் தரகர்கள் வேறு வகையினர். அவர்கள் 146ஆம் பிரிவின்படியும் 2018ஆம் ஆண்டின் உரிம ஒழுங்குமுறைகளின்படியும் உரிமம் பெற்றுத் தொழில் நடத்துவோர். பொதுச் சரக்காக விமான நிலையத்திற்கு வரும் பொருளுக்கு, இறக்குமதியாளர் விரும்பினால் தரகரின்றித் தாமே பத்திரம் தாக்கல் செய்யலாம். கூரியர் முறையிலோ பத்திரம் தாக்கல் செய்வது கூரியர் நிறுவனமே. பொதி வந்து சேர்ந்த பின்னர்த் தரகை மாற்றுவது நடைமுறையில் அரிது. எனவே தேர்வு என்பது பொருளுக்குப் பணம் செலுத்தும் முன்னரே முடிந்துவிடுகிறது.

வாங்குமுன் கேட்கவேண்டியவை

பன்னாட்டு வணிகத்தில் ‘டி.டி.பி.’ என்பது தீர்வையையும் விற்பனையாளரே செலுத்தி ஒப்படைப்பதைக் குறிக்கும். ‘டி.ஏ.பி.’ என்றால் தீர்வை வாங்குவோரின் பொறுப்பு. விற்பனையாளரின் விலைப்பட்டியல் இவற்றுள் எதனைக் கூறுகிறது என்பதே முதலில் காணவேண்டியது. பெரிய விற்பனைத் தளங்கள் சில, தீர்வைக்கென மதிப்பீட்டுத் தொகை ஒன்றை முன்னதாகவே பெற்றுக்கொள்கின்றன. அத்தகைய ஏற்பாட்டில் ஒப்படைக்கும் வேளையில் மீண்டும் பணம் கேட்கப்பட்டால், முன்பு செலுத்தியதற்கான சான்றைக் காட்டி மறுக்கலாம்.

விற்பனையாளர் சிலர் வாங்குவோருக்கு உதவுவதாக எண்ணி, விலையைக் குறைத்து எழுதி அனுப்புகின்றனர். இதைப் போன்ற தீய உதவி வேறில்லை. அறிவிக்கப்பட்ட மதிப்பில் ஐயம் எழுந்தால் அதை ஏற்க மறுக்க 12ஆம் விதி அதிகாரியை அனுமதிக்கிறது. தவறான அறிவிப்பிற்காகப் பொருளைப் பறிமுதல் செய்ய 111ஆம் பிரிவும், தண்டம் விதிக்க 112ஆம் பிரிவும் இடமளிக்கின்றன. பொருள் வழியில் உடைந்தால் காப்பீட்டுத் தொகையும் எழுதப்பட்ட குறைந்த விலைக்கே கிடைக்கும். உண்மையான விலைச்சீட்டும், பணம் செலுத்திய சான்றும் கையில் இருப்பதே பாதுகாப்பு.

தீர்வை செலுத்தினாலும் வர இயலாத பொருள்களும் உண்டு. ஆளில்லா வானூர்திகளின் இறக்குமதி 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகள் நீங்கலாகத் தடைசெய்யப்பட்டது. மின்னணுச் சிகரெட்டுகள் 2019ஆம் ஆண்டின் சட்டத்தால் விலக்கப்பட்டவை. விதைகளும் செடிகளும் தாவரத் தொற்றுத்தடுப்பு அனுமதியின்றி நுழைய முடியாது. தோட்டக்கலை ஆர்வலர் பலர் இதனை அறியாமல் பணத்தை இழக்கின்றனர்.

தொகை தவறெனின்

கூரியர் நிறுவனத்திடம் கேட்டுப் பெறவேண்டியவை இரண்டு தாள்கள்: இறக்குமதிப் பத்திரத்தின் நகல், நிறுவனத்தின் கட்டணச் சீட்டு. முதலாவதில் உள்ள தீர்வைத் தொகையும், கேட்கப்பட்ட தீர்வைத் தொகையும் ஒன்றாக இருக்கவேண்டும். இவ்விரு தாள்களையும் பிரித்துப் பார்த்தால்தான் முறையீடு எங்குச் செல்லவேண்டும் என்பது விளங்கும்.

தீர்வையே தவறாக விதிக்கப்பட்டிருந்தால், மதிப்பீட்டு ஆணையை எதிர்த்து 60 நாட்களுக்குள் சுங்க மேல்முறையீட்டு ஆணையரிடம் 128ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். மிகையாகச் செலுத்தியதைத் திரும்பப் பெற 27ஆம் பிரிவின் கீழ் ஓராண்டிற்குள் விண்ணப்பிக்கவேண்டும். 100 ரூபாய்க்குக் குறைந்த தொகை திருப்பித் தரப்படுவதில்லை. மதிப்பீட்டை மாற்றாமல் பணத்தை மட்டும் திரும்பக் கேட்பது பொதுவாகப் பயன் தருவதில்லை. கூரியர் கட்டணத்தைப் பற்றிய குறையாயின் அது நுகர்வோர் தகராறு. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆணையங்களும் அதற்குரிய இடங்கள்.

வந்த பொருள் பழுதுற்றதாகவோ கேட்டதற்கு மாறானதாகவோ இருந்தால் 26ஏ பிரிவு துணைநிற்கிறது. அதனைப் பயன்படுத்தாமல், விடுவிப்பு ஆணையின் நாளிலிருந்து 30 நாட்களுக்குள் சுங்க அதிகாரியின் அறிதலுடன் திருப்பி அனுப்பினால், செலுத்திய தீர்வையைக் கோரலாம். பலர் இங்குத்தான் தவறிவிடுகின்றனர். விற்பனையாளர் கூறினார் என்று பொருளைச் சாதாரணப் பொதியாகத் திருப்பி அனுப்பிவிட்டு, பின்னர் தீர்வைக்காக விண்ணப்பிக்கின்றனர். அதே பொருள்தான் வெளியேறியது என்பதைச் சுங்கத் துறை சரிபார்க்காத நிலையில் கோரிக்கை நிற்பதில்லை. பழுது ஏதுமின்றி, வேண்டாமென்று திருப்பும் பொருளுக்கு, இரண்டாண்டுக்குள் மறு ஏற்றுமதி செய்வோருக்கு 98 சதவிகிதத் தீர்வையைத் திருப்பித் தரும் 74ஆம் பிரிவு உள்ளது. சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு இவ்வளவு அலைச்சல் தகுமா என்பதை அவரவரே நிறுத்துப் பார்க்கவேண்டும். கூரியர் கட்டணமோ இரு வழியிலும் திரும்புவதில்லை.

தீர்வை செலுத்தாமலே பொருளைக் கைவிட நினைத்தால்? விடுவிப்பு ஆணை பிறக்கும் முன்பு உரிமையைத் துறப்பவருக்குத் தீர்வைப் பொறுப்பு இல்லை என்கிறது 23ஆம் பிரிவு. ஆனால் கூரியர் முறையில் பெறுநருக்குச் செய்தி எட்டும்போது, நிறுவனம் பல வேளைகளில் தீர்வையைச் செலுத்திப் பொதியை விடுவித்தே விட்டிருக்கும். அந்நிலையில் இப்பிரிவு உதவாது. நிறுவனத்துடனான கணக்கே எஞ்சும். வாளாவிருந்து விடுவதும் தீர்வாகாது. இறங்கிய 30 நாட்களுக்குள் விடுவிக்கப்படாத சரக்கை அறிவிப்புக்குப் பின் விற்க 48ஆம் பிரிவு வழிசெய்கிறது. அதுவரை கிடங்கு வாடகை ஏறிக்கொண்டேயிருக்கும்.

போலி அழைப்புகள்

மக்களின் அறியாமையைப் பயன்படுத்தும் வஞ்சகர்களும் பெருகியுள்ளனர். ‘உங்கள் பொதி சுங்கத்தில் சிக்கியுள்ளது, உடனே பணம் அனுப்புங்கள்’ என்னும் தொலைபேசி அழைப்புகள் எதனையும் வாங்காதவரையும் அச்சுறுத்துகின்றன. சுங்கத் துறை தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் செலுத்தச் சொல்வதில்லை. 2019ஆம் ஆண்டு நவம்பர் முதல் துறையின் கடிதங்கள் ஆவண அடையாள எண்ணைத் தாங்கி வருகின்றன; அதனை மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். பொதியின் எண்ணைக் கேட்டு, கூரியர் நிறுவனத்தின் தளத்தில் தாமே பார்த்த பின்னரே பணம் செலுத்தவேண்டும். ஏமாந்தவர்கள் தாமதியாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

பிற நாடுகளின் போக்கு

சிறு பொதிகளுக்குத் தாராளம் காட்டிய நாடுகளும் இன்று கையை இறுக்கி வருகின்றன. 22 யூரோ வரையிலான பொருள்களுக்கு அளித்திருந்த மதிப்புக் கூட்டு வரி விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் நீக்கியது. 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கை அமெரிக்கா சீனாவுக்கு 2025ஆம் ஆண்டு மே மாதத்திலும், ஏனைய நாடுகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாளிலும் முடிவுக்குக் கொணர்ந்தது. தீர்வையை யார், எப்படி வசூலிப்பது என்பது தெளிவாகாத நிலையில் இந்திய அஞ்சல் துறை அந்நாட்டுக்கான பெரும்பாலான அஞ்சல் பொதிகளைச் சில வாரங்கள் நிறுத்திவைத்து, அக்டோபரில் மீண்டும் தொடங்கிற்று. ஜெய்ப்பூர் அணிகலன்களையும் காஷ்மீரச் சால்வைகளையும் சிறு பொதிகளாக அனுப்பும் கைவினைஞர்கள், அயல்நாட்டு வாடிக்கையாளர் படும் அதே இடர்ப்பாட்டை மறுபக்கத்திலிருந்து உணர்ந்தனர்.

உள்நாட்டில் வரி செலுத்தி விற்கும் சிறு வணிகருக்கும், வரியின்றி எல்லை கடந்து வரும் பொருளுக்கும் இடையே நிகர்நிலை வேண்டும் என்னும் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நிகர்நிலைக்கு, வரியை மிஞ்சும் தரகுக் கட்டணம் எவ்வகையிலும் தேவையில்லை. பொருளுக்குப் பணம் செலுத்தும் திரையிலேயே தீர்வை இவ்வளவு, கூரியர் கட்டணம் இவ்வளவு என இரு பத்திகளில் காட்டுமாறு செய்தால், அஞ்சலா கூரியரா, வாங்குவதா விடுவதா என்பதை வாங்குவோர் அந்த இடத்திலேயே முடிவு செய்துகொள்வர். இதற்கு வேண்டிய விகிதங்களும் கணக்கீட்டு விதிகளும் ஏற்கெனவே வெளியிடப்பட்டவை. கட்டணப் பட்டியலோ கூரியர் நிறுவனங்களிடமே உள்ளது.